கடல் தெரியும் அறைகள்

பொத்தேரியில் என் அறைத்தோழன் பி.இ. முடித்திருந்தான். அந்த மாதமும் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் அப்பாவின் லாரியில் ஏற வேண்டும். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் வரவேற்பாளர் வேலை கேட்டுப் போனான். நானும் கூடப் போனேன்.

"இன்னா தெரியும்?" என்றார் மேனேஜர்.

"ஜாவா சார்."

"அத்த வச்சிகினு இங்க இன்னா பண்றது?"

அதற்குள் கல்யாண பஸ் வந்துவிட்டது. கடல் தெரியும் அறைகளைப் பெண் வீட்டாருக்குக் கொடுத்துவிட்டதாக மாப்பிள்ளையின் மாமா கத்தினார். மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். என் தோழன் எழுந்து மாமாவிடம் போனான்.

"மாமா, மொதல்ல காபி சாப்புடுங்க. அந்தாண்ட உப்புக் காத்து, மாப்ளைக்கு ஆவாது."

மாமா உட்கார்ந்தார்.

"எங்கப்பா கத்துகினே?" என்றார் மேனேஜர்.

"ஹாஸ்டல்ல மெஸ் செக்ரட்டரியா இருந்தேன் சார். ஞாயித்துக்கெழம சிக்கன் பத்தாது. பசங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அங்கேயே வேலை கொடுத்தார்கள். நான் வாட்ச்மேன் வேலை கேட்டேன். பத்தாவது பாஸாகியிருக்க வேண்டுமாம்; நான் ஃபெயில்.