ஸ்கொயருக்கு முதல் அர்த்தம்

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு போட்டி வைத்தார்கள். டப்பாவில் சீட்டுகளைச் சுருட்டிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். சீட்டில் ஏதாவது ஓர் உருவத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும். அந்தச் சொல்லுக்கு என்னென்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று பெற்றோர்கள் முன்னால் மூன்று நிமிடம் பேச வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஸ்டார் வந்தது. இன்னொருத்திக்கு டயமண்ட். எனக்கு ஸ்கொயர். நான்கு பக்கமும் சமம் என்று சொல்லி முடிக்கப் பத்து நொடி போதும். மீதி நேரத்துக்கு மேடையில் நின்று என்ன செய்வது என்ற கவலையோடு, அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனேன்.

பீளமேட்டில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புகளுக்கு வேண்டிய மூடிகளைக் கடைந்து கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். பட்டறை மாமாவுடையதுதான். ஆனால் அங்கிருந்து எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்பதை முடிவு செய்தது அம்மா. டியூப்லைட்டுக்குக் கீழே அவளுக்கென்று ஒரு மேஜை. கடைந்து வந்த மூடியை ஜாப் என்பார்கள். அதன் ஓரத்தில் எல் வடிவ இரும்புக் கருவி ஒன்றைப் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். இடுக்கில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவாள். லாரி வாசலில் நின்றாலும் சரி, மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் சரி, போட்ட குறி போட்டதுதான்.

என் சிக்கலைக் கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஸ்கொயரா? கிரிக்கெட்ல ஸ்கொயர் கட்டு இருக்குது, ஊடு கட்டறதுல ஸ்கொயர் ஃபீட்டு இருக்குது. அதையெல்லாம் சொல்லு அம்மணி, ரெண்டு நிமிஷம் ஓடிப்போயிரும்" என்றார்.

அம்மா கையிலிருந்த கருவியைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குத் தெரிஞ்ச ஸ்கொயரு இதுதான் கண்ணு."

"அது டூலுங்கம்மா. நான் கேக்கறது இங்கிலீஷ் ஸ்கொயரு."

அவள் அடுத்த ஜாப்பை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்ட கையோடு பள்ளி நூலகத்துக்குப் போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய அகராதியை இறக்கினேன். அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஊருக்கு நடுவே இருக்கும் திடலுக்கும் அதே பெயர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் அதே பெயர். நேர்மையாக நடப்பவரையும் அப்படிச் சொல்லலாம். காலத்துக்கேற்ப மாறத் தெரியாதவரையும் அப்படிச் சொல்லலாம். நான்கு என்ற பொருளுள்ள பழைய லத்தீன் சொல்லின் வழியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். வந்த புதிதில் அது உருவத்தின் பெயரே இல்லை. தச்சர்களும் கல்தச்சர்களும் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கருவியின் பெயர். உருவத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்திருக்கிறது. அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

மாலையில் போய்ச் சொன்னதும் மாமா லேத்தை நிறுத்தச் சொல்லி, வேலையில் இருந்த நான்கு பேரையும் கூப்பிட்டு, என்னை மறுபடி சொல்லவைத்தார். அம்மா, "அப்படியா போட்டிருக்குது?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் போட்டியன்று அரைநாள் லீவு எடுத்தாள். அவள் லீவு எடுத்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

பட்டறையில் சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் தடுமாறாமல் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் மைக்கை வாங்கினார்.

"நல்லாப் பேசினே பாப்பா. ஆனா ஒண்ணைத் தலைகீழாச் சொல்லிட்டே. முதல்ல உருவம். அந்தப் பேரைத்தான் அப்புறம் கருவிக்கு வெச்சிருப்பாங்க."

சபையில் சிலர் சிரித்தார்கள்.

"ஏனுங்க சார், ஒரு நிமிஷமுங்க."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குதுன்னு பாப்பா சொல்லுச்சுங்க."

"நீங்க படிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியுமுங்க. சேத்துப் படிக்க வராதுங்க. ஆனா எம்புள்ள படிக்காமச் சொல்லாதுங்க. புத்தகம் இங்கதான இருக்குதுங்க? எடுத்தாந்து ஒருக்காப் பாத்துருங்களே."

என் காது இரண்டும் சுட்டன. அவர் என்னைத் தவறு என்று சொன்னதைவிட, அம்மா இத்தனை பேர் முன்னால் தனக்குப் படிக்க வராது என்று சொன்னதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஸ்டார் வந்தவளின் அம்மா திரும்பிப் பார்த்தார். என் அம்மாவோ அகராதி வரும்வரை உட்காரவே இல்லை.

ஆங்கில ஆசிரியை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். பிறகு எழுந்து நின்று, "பாப்பா சொன்னதுதான் சரி. நான்தான் பாக்காமச் சொல்லிட்டேன்" என்றவர், கடைசி வரிசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

முதல் பரிசு ஸ்டாருக்கே போனது. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்.

கூட்டம் கலைந்த பிறகு மேடைக்கு வந்த அம்மா, மேஜைமேல் திறந்தபடி கிடந்த அகராதியில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். கோபம் தீராத நான் அவள் முகத்தைப் பார்க்காமல் காட்டினேன். அவள் விரலை நீலக் கோட்டில் துடைத்துவிட்டு அங்கே வைத்தாள். ஒவ்வோர் எழுத்தாக மெல்லச் சொன்னாள். "நம்ம டூலு எந்த வரியில வருது?" என்றாள். அதையும் காட்டினேன். அந்த வரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை நகர்த்திக்கொண்டு போனாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

வாசலில் தோழிகள் காத்திருந்தார்கள். "பஸ் போயிருமுங்கம்மா" என்று கோட்டைப் பிடித்து இழுத்தேன். "இரு கண்ணு" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நான், அன்று ஜெயித்தவள் நான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.