பென்சில் தொட்ட முகம்

கொடைக்கானல் பஜாருக்கு இறங்கும் சரிவில், வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த ஒற்றை அறைதான் பரமானந்தத்தின் ஸ்டூடியோ. சீசனில் வருகிறவர்களை ஏரிக்கரையிலும் குதிரை மேலும் நிறுத்தி எடுக்கும் படங்களில் அவருக்குச் சோறு கிடைத்தது. பெயர் கிடைத்தது வேறொரு வேலையில்.

ஐம்பத்து நாலாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஷூட்டிங்குக்கு வந்தது. வந்த மூன்றாம் நாளே அவர்களுடைய ஸ்டில் போட்டோக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பதினோரு நாள் பரமானந்தம்தான் அந்த வேலையைப் பார்த்தார். புரொடக்‌ஷன் மானேஜர் சேனாதிபதிக்கு அவர் எடுத்த முகங்கள் ரொம்பப் பிடித்துப் போயின. கிளம்பும்போது, "நாடகக்காரங்க, பாடறவங்க யாராவது நல்ல முகமா கண்ணுல பட்டா எனக்கு ஒரு படம் அனுப்புங்க சார்" என்று விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பரமானந்தம் அனுப்பினார். திண்டுக்கல் பக்கத்துக் காமெடி நடிகர் ஒருவருக்கும் பின்பாட்டுக்காரர் ஒருவருக்கும் மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தது. அவ்வளவுதான், கீழே மதுரை வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. வத்தலக்குண்டில் பஸ் மாறி, மலைப்பாதையில் வாந்தியெடுத்துக்கொண்டே நடிகர்கள் ஏறி வந்தார்கள். கழுத்துக்கு மேலே முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம். அது போதும் அவர்களுக்கு.

அவருடைய கைக்கு இரண்டு சாமர்த்தியம் உண்டு. ஒன்று, மூடுபனி வந்து கண்ணாடியை மறைக்கும் வரை காத்திருந்து எடுப்பார். அந்த வெளிச்சத்தில் முகத்தில் கறுப்பு நிழலே விழாது. இன்னொன்று டச்சிங். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அவர் ஸ்டூடியோ முத்திரை குத்திய படத்தில் ஒரு வடு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமை. கொஞ்சம் அதிகமாகவே பெருமை.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் சண்முகவள்ளி வந்தாள். பழனிக்காரி. வத்தலக்குண்டில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் நடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு இருக்கும். கூட அதே கம்பெனியில் அம்மா வேஷம் கட்டும் சின்னத்தாயியும் வந்திருந்தாள்.

சண்முகவள்ளியின் இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு. சின்ன வயசில் வந்து, உயிரை மட்டும் விட்டுவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டு போன அம்மை. ஆனால் அவள் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தால் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. பஸ் கண்டக்டர் எப்படி டிக்கெட் கேட்டான், வாந்தியெடுத்த செட்டியார் எப்படிக் கௌரவமாகத் துடைத்துக்கொண்டார் என்று அவள் நடித்துக்காட்டியதில், உள்ளே பிரிண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்த பரமானந்தத்தின் மனைவி அமலி கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று சிரித்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சண்முகவள்ளி சொன்னாள்: "அண்ணே, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நீங்க பென்சிலை வச்சு எல்லாத்தையும் அழிச்சுப்புடுவீங்கன்னு சொன்னாங்க. என்னைய உள்ளபடி எடுங்க. தழும்பு தெரியட்டும். பாத்துட்டுக் கூப்பிட்டாக் கூப்பிடட்டும், இல்லாட்டிப் போகட்டும். அம்புட்டுத் தூரம் போயி வாசல்ல நின்னு அசிங்கப்பட என்னால ஏலாது."

"சரிம்மா" என்றார் பரமானந்தம்.

பனி வந்தது. அவர் எடுத்தார். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, பிரிண்ட் போட்டுத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது அவருக்கே மூச்சு நின்றது. சிரிக்கப் போகிறாளா, திட்டப் போகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. தழும்புகளும் இருந்தன. அவற்றில் ஒன்றைக் குறைத்தாலும் அது அவளாக இருக்காது. அவர் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். மறுநாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்த சண்முகவள்ளி, "இது நாந்தான்" என்று மட்டும் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. மெட்ராஸுக்குத் தானே அனுப்பிவிடுவதாகச் சொல்லி, அவளையும் சின்னத்தாயியையும் பஸ் ஏற்றினார்.

அனுப்புகிற நேரத்தில்தான் புத்தி பிசகியது. படத்தைத் திருப்பி முத்திரை குத்தப் போனவருக்குக் கை வரவில்லை. தழும்புள்ள ஒரு முகத்துக்குப் பின்னால் தன் பெயரா? சேனாதிபதி பார்த்துவிட்டு, பரமானந்தத்துக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்தால்? அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். முதலில் கூப்பிடட்டும், கூப்பிட்ட பிறகு அவள் நடிப்பைப் பார்த்தால் தழும்பு யாருக்குப் பெரிதாகத் தெரியப் போகிறது? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நெகட்டிவைப் பலகையில் வைத்தார். இரண்டு பகல் அவர் பென்சில் ஓயவில்லை.

"ஏங்க, அந்தப் பொண்ணு வேணாம்னுல்ல சொல்லுச்சு?" என்றாள் அமலி.

"அவ நல்லதுக்குத்தான்" என்றார், தலை நிமிராமல்.

புதுப் பிரிண்டில் கன்னம் பால்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் முத்திரை குத்தித் தபாலில் சேர்த்தார்.

பதினைந்தாம் நாள் நாடகக் கொட்டகைக்குக் கடிதம் வந்தது. கதாநாயகிக்குத் தங்கை வேஷம், உடனே புறப்பட்டு வரவும். நாடகக் கம்பெனி முதலாளி, நடுவில் விட்டுவிட்டுப் போனால் உன் வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாராம். தன் தழும்பைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பியிருந்த சண்முகவள்ளி, கொடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

சித்திரையில், சீசன் தொடங்குகிற வாரம், ஸ்டூடியோவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பரமானந்தத்தின் முன்னால் அவளும் சின்னத்தாயியும் வந்து நின்றார்கள். சண்முகவள்ளி உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க யாரப் படம் புடிச்சீங்க?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"டைரக்டரு என்னையப் பாத்தாரு, கையில இருந்த படத்தப் பாத்தாரு. 'இது யாரு, உன் தங்கச்சியா?'ன்னாரு. நாந்தாங்கன்னேன். படத்தை என் கையில குடுத்தாரு. எனக்கே அடையாளம் தெரியலண்ணே. யாரோ ஒருத்தி என் தோட்டையும் மூக்குத்தியையும் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னத்தச் சொல்லுவேன்? திருதிருன்னு முழிச்சேன். 'வாசப்படி மிதிக்கும்போதே பொய்யா'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

சின்னத்தாயிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொட்டகையிலயும் இவ எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சுய்யா. இப்ப நடுத்தெருவுல நிக்கிறா. என்ன சோலி பாத்து வச்சிருக்கீங்க?"

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா…" என்றார் பரமானந்தம்.

"போனது போகட்டும்" என்றாள் சண்முகவள்ளி. "எனக்கு வேசம் வேணாம். நீங்க அந்த மானேஜருக்கு ஒரு கடுதாசி போடுங்க. பென்சில் வச்சது நாந்தான், அந்தப் புள்ளைக்குத் தெரியாதுன்னு. பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்கள்ல, அது மட்டும் போகணும். வெரசா போட்டுருவீங்களா?"

"இன்னைக்கே போட்டுர்றேன்மா."

மனசாரத்தான் சொன்னார். அன்றைக்கே எழுதவும் எழுதினார். ஆனால் வெள்ளையடிக்கிற வேலை, சீசன் கூட்டம், நாளைக்கு, நாளன்றைக்கு என்று அந்தக் கவர் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் சேனாதிபதியிடமிருந்தே கடிதம் வந்துவிட்டது: வைகாசியில் பெரிய ஷூட்டிங், ஸ்டில் வேலை முழுக்க உங்களுக்குத்தான். நேரில் வருகிறவரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று பரமானந்தம் கவரை ஓரமாக எடுத்து வைத்தார்.

சேனாதிபதி வந்தார். காப்பி குடித்துக்கொண்டே அவரே பேச்சை எடுத்தார்.

"போன தடவ அனுப்பினீங்களே ஒரு பொண்ணு, பெரிய கில்லாடி சார். வேற எவளையோ உங்ககிட்ட உக்காரவெச்சுப் படம் எடுத்துட்டு, தன் பேரக் கொடுத்திருக்கா. உங்களையே ஏமாத்திட்டா பாருங்க!"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஏமாற்றியது நான் என்று சொன்னால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தார்.

"அப்படிங்களா?" என்றார் பரமானந்தம்.

பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற அமலி அதைக் கேட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். சேனாதிபதி போன பிறகு, "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சீசன் முடியட்டும், சொல்றேன்."

ஏழு சீசன் முடிந்தது. நாலு சினிமாவுக்கு ஸ்டில் எடுத்தார். எத்தனையோ நடிகர்கள், பாடகிகள், கதை எழுதுகிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். கன்னத்தில் பென்சில் வைக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கும். பிறகு வேலையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் 'என் பாவமே, என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொள்ளும்போது இது ஒன்றுதான் ஞாபகம் வரும்.

அறுபத்து நாலில் சேனாதிபதி வந்தபோது அவர் பழைய சேனாதிபதியாக இல்லை. கம்பெனி கைமாறிவிட்டது; யாருக்காகவோ இடம் பார்க்க ஒண்டியாக வந்திருந்தார். அன்றைக்குப் பரமானந்தம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அந்த 'அப்படிங்களா' உட்பட.

"அந்த டைரக்டர் செத்து மூணு வருஷம் ஆச்சு சார். நான் யார்கிட்டப் போய்ச் சொல்லட்டும்?" என்றார் சேனாதிபதி. பிறகு, "ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தப்ப எங்க கூர்க்கா மாதிரியே பேசிக் காட்டிச்சு அந்தப் பொண்ணு. நாங்கள்லாம் சிரிச்சோம். தங்கச்சி வேஷம் இல்லேன்னா என்ன, வேலைக்காரி வேஷத்துக்கு வெச்சுக்கலாமேன்னு நான்கூடச் சொன்னேன். பொய் சொல்றவ வேணாம்னுட்டார். தழும்பப் பத்தி ஒரு வார்த்த பேசல சார் அவர்" என்றார்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் பரமானந்தம் கீழே இறங்கினார். வத்தலக்குண்டில் விசாரித்ததில் சின்னத்தாயி இறந்துவிட்டது தெரிந்தது. சண்முகவள்ளி பழனி அடிவாரத்தில் புருஷனோடு இட்லிக் கடை போட்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். திண்டுக்கல் போய், அங்கிருந்து பழனிக்கு வேறு பஸ் பிடித்தார்.

கடையில் கூட்டம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டு, சட்னி கேட்டுச் சண்டை போட்ட ஒரு பெரியவரைப் போலவே முகத்தை வைத்துப் பேசிக்காட்ட, பெரியவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். உடம்பு பெருத்திருந்தது. பார்வை அதே பார்வை.

"வாங்கண்ணே, கொடைக்கானல்ல இருந்தா?" என்றாள். அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கூட்டம் குறைகிறவரை காத்திருந்து சொன்னார். கவர் மேஜையில் கிடந்ததை, மானேஜர் சொன்னதை, தான் சொன்ன ஒற்றை வார்த்தையை. அவள் இட்லித் துணியை உதறிக்கொண்டே கேட்டாள். சட்டென்று அவள் கை நின்றது.

"அப்ப நீங்க கடுதாசி போடவே இல்லையா?"

"இல்லம்மா."

"நீங்க போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன் இத்தன வருசமும். போட்டும் அவங்க நம்பலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். கடுதாசி வந்தும் நம்பாத ஆளுககிட்ட நமக்கு என்ன சோலின்னுதான் வேசமே வேணாம்னு விட்டேன். வேற ரெண்டு கம்பெனி கூப்பிட்டாங்கண்ணே. போகல."

சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது. ஒரு படம் எடுத்துத் தரட்டுமா, உள்ளபடி, என்று கேட்கத்தான் வந்திருந்தார். அதைக் கேட்கவில்லை.

புதிதாக ஒரு கூட்டம் கடைக்குள் நுழைந்தது. சண்முகவள்ளி அவர் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். மூன்று இட்லி வைத்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாகும். சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர் எழுந்து கை கழுவியபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, வேலையா என்று தெரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது அமலி விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னா?"

பரமானந்தம் மப்ளரை அவிழ்த்துக் கொடியில் போட்டார். "சாப்ட்டுட்டுப் போகச் சொன்னா" என்றார்.