அம்மாவின் பிடி அரிசி டின்

அம்மா உலை வைக்கும்போதெல்லாம் சர்ச்சுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனி டின்னில் போடுவார். மழையால் தேயிலைத் தோட்டத்தில் வேலை நின்று, நாங்களே அரை வயிறு சாப்பிட்ட மாதத்திலும் அதை நிறுத்தவில்லை.

"கர்த்தருக்கு என்னம்மா, நம்மள விடப் பசியா?" கெம்பஸ் லீவில் வந்திருந்த நான், யூனிவர்சிட்டியில் படிக்கிறேன் என்ற திமிரில் நக்கலடித்தேன்.

"அவரு நம்மள விடமாட்டாருடா. நீ சும்மா இரு."

சும்மா இருக்கவில்லை. அம்மா இல்லாத நேரம் டின்னை அப்படியே எங்கள் அரிசிப் பானையில் கவிழ்த்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே மண் சரிந்தது. கொட்டகலை ரோடும் மூடிக்கொண்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் உட்பட லயமே சர்ச்சில் வந்து தங்கியது. கஞ்சி காய்ச்ச, சர்ச்சுக்காரர்கள் வீட்டிலிருந்து தூக்கி வந்த பிடி அரிசி டின்களைத் திறந்தார்கள். எங்கள் டின்னின் முறை வந்தபோது நான் ஆட்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

திறந்தால், விளிம்பு வரை அரிசி.

"எப்படிம்மா?"

"நீ கொட்டினது அன்னைக்கே தெரியும். அப்புறம் உலை வைக்கிறப்பெல்லாம் என் பங்கு அரிசில பாதிய அதுல போட்டேன். போய்க் கஞ்சி குடி, ஆறிடும்."

இரண்டு வாரமாக அவர் "பசிக்கலடா" என்று சொன்னதை நம்பியிருந்தேன்.

இப்போது போர்டிங்கில் சமைக்கும்போது நானும் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன். யாருக்கு என்று இன்னும் தெரியாது.