நான் உண்டாக்கிய அண்ணன்

என் தாத்தாவின் அப்பா, பூட்டன் நாச்சிமுத்துவைப் பற்றி நான் ஊருக்குச் சொன்னது பொய். அவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அவருக்கு வலிக்காது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னது என் மகளின் கல்யாணத்தை நிறுத்துவதற்காக.

உங்களிடம் சொல்லத் துணிந்ததற்கு ஒரே காரணம், நீங்கள் என் வீட்டு விசேஷத்துக்கு வரப்போவதில்லை.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எனக்கு ஒரு பனியன் கம்பெனி. ஒரே மகள், கௌசல்யா. பூட்டனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பெயரும், உடுமலைப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும்தான். தேடிப் பார்ப்போமே என்று ஆரம்பித்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காரோட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போய் வயசானவர்களைக் கேட்டோம். அவர்கள் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்துகொள்வாள். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை... அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிறன்றுதான் சொன்னாள், சரவணனைக் கட்டிக்கொள்ள ஆசை என்று. என் கம்பெனியிலேயே ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். சாமளாபுரத்தில் நாலு தறி போட்டுப் பிழைக்கிற குடும்பம். எங்கள் சாதிதான், ஆனால் வேறு கூட்டம், அதாவது வேறு குலம். முறையில் ஒரு குறையும் இல்லை. பையன் தங்கமானவன்.

பின்னே என்ன குறை என்கிறீர்களா? என்னிடம் சம்பளம் வாங்குகிறவன் என்னை மாமா என்று கூப்பிடுவதா? அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்று இவ்வளவு கூசாது.

அதை வாய்விட்டுச் சொன்னால் மகள் முன்னால் சின்ன மனிதனாகிவிடுவேன். "பார்க்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாக உடுமலைப்பேட்டைக்குப் போனேன். தென்னந்தோப்பில் ஒரு பெரியவர், பூட்டனின் அக்கா வழியில் வந்தவர், கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். கேட்டவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தாது வருசத்துப் பஞ்சம் கண்ணு. ஊரே புள்ளைகளைத் தூக்கிக் குடுத்துது. நாச்சிமுத்துவோட ஆத்தா மட்டும் குடுக்கல. கள்ளிப்பழத்தைப் பறிச்சு ஊட்டுனாளாமா. ஆராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு தன்ற சீலையிலயே புள்ளையை முடிஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்குவாளாமா."

இவ்வளவுதான் என் பூட்டன். வீரன் இல்லை, ஊரை ஆண்ட பட்டக்காரர் இல்லை. தாய் கைவிடாததால் பிழைத்து, பருத்தி விதைத்து, எங்களுக்கு வழி விட்டுப் போன ஒரு சாதாரண மனிதர். கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது நிஜம்.

ஆனால் காரில் பல்லடம் தாண்டுவதற்குள் அதைத் தலைகீழாக்கிவிட்டேன்!

அந்தத் தாய் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் என்று வீட்டில் வந்து சொன்னேன். அவள் வாக்கப்பட்டிருந்தது சரவணனுடைய கூட்டத்தில் என்றேன். அந்தப் பிள்ளையை எடுத்து வளர்த்தது எங்கள் முன்னோர் என்றேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே கூட்டத்து ரத்தம் என்றால் பங்காளிகள். ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. கட்டிக்கொள்ள முடியாது.

கௌசல்யா சண்டை போட்டாள். எந்தக் காலத்துக் கதைக்கோ இப்போது என்ன என்று கேட்டாள். நான் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கவில்லை. சரவணனின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

"அண்ணன் தங்கச்சி மொறையாப் போச்சுங்க. சாமி குத்தம் நம்மளுக்கு வேண்டாமுங்க."

அன்று இரவு மகள் என் அறைக்கு வந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, அந்தப் பெரியவர் இப்படியேதான் சொன்னாருங்களா?"

"ஆமா கண்ணு."

அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். எப்படி முடிந்தது? இன்று வரை அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச காலத்தில் பெரியவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எனக்காகக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்த மனிதர் அவர்... அவர் சாவில் எனக்கு நிம்மதி!

பிறகு வேறு இடத்தில், என் தகுதிக்கு ஏற்ற இடத்தில், கௌசல்யாவுக்குக் கல்யாணம் செய்தேன். உடன்பிறந்தவன் செய்ய வேண்டிய சீர் வந்தபோது, "அண்ணன் மொறைக்கு ஆருங்க?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவிலிருந்து சரவணன் எழுந்து வந்தான். ஒரு பிழை இல்லாமல் செய்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். மாமா என்று கூப்பிடக் கூடாது என்றுதானே நினைத்தேன்? இப்போது பெரியப்பா என்று கூப்பிடுகிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் பார்க்கிற பெண்களை எல்லாம் வேண்டாம் என்கிறான்.

போன மாதம் பேரனுக்குக் காது குத்து. குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் என் பேரன் உட்கார்ந்திருந்தான். சரவணன் மடியில்.

ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிய நாச்சிமுத்துவின் கதையை நான் சொல்ல வேண்டுமாம். இப்போதே சொல்லிவிடு, இப்போதே என்று உள்ளே ஏதோ நெட்டித் தள்ளியது. சரவணன் தலை குனிந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கௌசல்யா எதிரே வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"சொல்லுங்கப்பா. அந்தப் பெரியவர் பேசுனது மட்டும்தான் எங்கிட்ட பதிவு இல்லீங்க."

சொன்னேன். பஞ்சத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைக் கைவிட்ட கதையை, அவள் அழுததைக்கூட விடாமல் சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி வரை கௌசல்யாவின் கை ஆடவில்லை. மகன் பெரியவனானதும் இதைப் போட்டுக் காட்டப் போவதாகச் சொன்னாள்.