மைக்கில் சொன்ன பெயர்

நாச்சியாபுரத்தில் சாவு விழுந்தால், மைக் கட்டிய என் ஆட்டோதான் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லும். மரவேலை பார்த்த ஆண்டியப்பன் இறந்த காலையில் வண்டியைக் கிளப்பும்போது அவர் மனைவி வாசலுக்கு வந்தார்.

"தம்பி, என் பேரச் சொல்லுங்க. சொர்ணவல்லி."

இருபது வருடமாக அந்த வீட்டைத் தாண்டிப் போகிறேன்; அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நானும் 'பர்மாக்காரி புருஷன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

சொர்ணவல்லி ரங்கூனிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அப்பா இந்த ஊர்க்காரர், அம்மா பர்மியப் பெண். அம்மாவின் முகம் அப்படியே இவருக்கு. அந்த முகத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அறுபது வருடமாக ஒட்டிக்கொண்டது. பர்மிய மொழியில் ஒரு சொல் தெரியாது. பால்காரருக்கும் பந்தியில் இலை போடுபவருக்கும் பர்மாக்காரி. யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அதனாலேயே அவரால் யாரிடமும் சண்டை போடவும் முடியவில்லை. பிள்ளை கிடையாது. ஆண்டியப்பன் மட்டும் 'சொர்ணம்' என்பார்.

"ஊர்ல ஆறு ஆண்டியப்பன் இருக்காகக்கா. பேரச் சொன்னா வெளங்காது."

"வெளங்காட்டிப் போகுது. அவுக போற அன்னைக்காச்சும் அவுக கூப்பிட்ட பேரு ஊருக்குக் கேக்கட்டும்."

"சொர்ணவல்லி அவர்களின் கணவர் ஆண்டியப்பன்" என்று இரண்டு சுற்று சொன்னேன். மாலையோடு மேலத்தெரு ஆண்டியப்பன் வீட்டுக்குப் போன இரண்டு பேர், அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, திட்டு வாங்கித் திரும்பினார்கள். மதியம்வரை இழவு வீட்டில் இருந்தது பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி மட்டும். தூக்க நாலு தோள் இல்லை.

சொர்ணவல்லி தானாகவே ஆட்டோவுக்கு வந்தார்.

"பர்மாக்காரின்னே சொல்லுங்க தம்பி. அவுக அநாதையாப் போகக் கூடாது."

வண்டியைக் கிளப்பினேன். சொன்னேன்.

அரை மணி நேரத்தில் தெரு கொள்ளவில்லை. பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"அடி பர்மாக்காரி, ஒன்னய இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாகளே!"

பொய் அழுகை இல்லை. ஆனால் அவர் யார் தோளிலும் சாயவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சொர்ணம்' என்று கூப்பிட்ட வாயை, வெள்ளைத் துணியால் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.