சப்பாத்து எழுத்து

கதிரையோடு நாலு அடி பின்னால் தள்ளிப்போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்குகிறார் ஜெயராணி. திரையில் ‘கண்ணீர் அஞ்சலி’ இன்னும் தெரிகிறது. “சரி, பஸ்ஸுல போறவங்களும் வாசிச்சிருவாங்க” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கழுத்தைப் பிடித்துவிட்டபடி கிட்டே வருகிறார்.

கண்டியில் ஸமீம் முதலாளியின் பெனர் அச்சடிக்கும் கடையில் பதினாறு வருடமாக டிசைன் செய்பவர். கலஹாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலை ஐந்தரை பஸ். கணினியில் நூறு எழுத்துரு இருந்தாலும் வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: தண்டு பருத்து, கிடைக்கோடு மெலிந்து, முனைதோறும் சின்ன அடிக்கட்டை வைத்த தடித்த எழுத்து. ஜெயராணிக்கு அது ‘சப்பாத்து எழுத்து’. “மத்ததெல்லாம் வெறுங்காலோட நிக்கும். இது சப்பாத்து போட்டுக்கிட்டு நிக்கும். சொன்னா கேப்பாங்க.”

சாவுக்கும் அதுதான், புடவைக்கடைத் தள்ளுபடிக்கும் அதுதான். ஆனால் இடம் தின்னி. சின்னதாக்கினால் ண, ஞ எல்லாம் வயிறு அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிடும். “மூணு சொல்லுக்கு மேல தாங்காதுங்க” என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சலிக்கிறார்.

போன மழையில் அவருடைய லயத்துக்குப் போகும் குறுக்குப்பாதைக்கு மேலே, மலையில் வெடிப்பு விழுந்தது. எச்சரிக்கைப் பலகைக்கான வேலை ஓர் அலுவலகத்திலிருந்து இந்தக் கடைக்கே வந்தது. மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம். அடியில் இரண்டு விரல் இடத்தில் தமிழ்: ‘மண்சரிவு அபாயம் நிலவுவதனால் இப்பாதையூடாகப் பிரவேசிப்பதைத் தவிர்ந்துகொள்ளவும்.’

“தந்தத அப்படியே போடுங்க ராணியக்கா. சின்னதாப் போட்டா கொள்ளும்” என்றார் ஸமீம்.

“அந்தப் பாதையில போறது எல்லாம் எங்க ஆளுங்க மொதலாளி. கொழுந்துச் சாக்கோட மழையில நின்னு இத வாசிப்பாங்களா?”

“ஒபிஸால கேட்டா என்னத்த சொல்ற?”

“நான் எழுதினேன்னு சொல்லுங்க.”

சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே உட்கார்ந்தார். மூன்று சொல் அடித்தார்: ‘மலை சரியுது. போகாதீங்க.’ மற்ற இரண்டு மொழியையும் கொஞ்சம் ஒடுக்கி, சப்பாத்து எழுத்தில் தமிழைப் பலகையின் பாதிக்கு விரித்தார். ஸமீம் அதைப் படமெடுத்து அதிகாரிக்கு அனுப்பினார். ஒரு மணித்தியாலம் போனது. பிறகு சிங்களத்தில் ஒரே சொல் வந்தது: ‘ஹரி.’ சரியாம்.

இந்த எழுத்தைப் பற்றி எழுத வந்த நான், அடுத்த வாரம் ஒரு மாலை அவரோடு பஸ்ஸில் போனேன். இறங்கிய இடத்திலேயே பலகை நின்றது. முன்னால் போன இரண்டு பெண்கள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தார் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். குறுக்குப்பாதையில் லயம் பத்து நிமிடம்; தார் ரோட்டால் சுற்றினால் முக்கால் மணித்தியாலம், முழுக்க ஏற்றம். அவருடைய பாதங்கள் வீங்கியிருந்தன.

“இன்றைக்கு மழை இல்லைதானே?” என்றேன்.

ஜெயராணி பலகையை ஒருமுறை முழுதாக வாசித்தார். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தார் ரோட்டில் ஏறத் தொடங்கினார்.