நாற்றங்கால் மூலை

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குப் பாரிவாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்ததற்கு அப்பா சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். நிலம் இருக்கிற வீட்டில் சோற்றுக்குக் கவலையில்லை. ஃபேக்டரியில் வேலை பார்த்து, ரேஷன் கடை வரிசையில் நின்றே தலை நரைத்த மனிதர். அவர் கவலை அவருக்கு. என் அதிர்ஷ்டம், கல்யாணப் புடவையில் கஞ்சி போவதற்குள் என் வீட்டுக்காரரின் அண்ணன்மார் நிலத்தை மனை போடுகிறவரிடம் பேசி முடித்துவிட்டார்கள்.

கூட்டு நிலம். இவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டார், ஆனால் ஒரு மூலையை மட்டும் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிணற்றை ஒட்டிய நாற்றங்கால் மூலை. வயலில் நடவேண்டிய நாற்றை முதலில் விதைத்து வளர்க்கிற இடம். மாமனார் காலத்திலிருந்து எருவும் ஆட்டுப்புழுக்கையும் தின்று கொழுத்த மண், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும்.

"இந்த மூல கீற வரிக்கும் நான் பயிர் வெக்கிறவன். இதுவும் போச்சுன்னா உங்க அப்பா மாரி நானும் ஃபேக்டரி கேட்டாண்ட போயி நிக்க வேண்டியதுதான்" என்றார். நடுவில் என் அப்பாவை எதற்கு இழுக்கிறார் என்று கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது விளையாட்டில்லை என்று தெரிந்தது.

மனை போட்டவர் வரிசையாகக் கல் நட்டார். சிவப்புப் பெயின்டில் எண் எழுதினார். ஃபேக்டரி ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். வாங்கியதோடு சரி, வீடு கட்ட ஒருத்தரும் வரவில்லை. மழை வந்தது. ஊரெல்லாம் ஏர் ஓட்டுகிறது, இவர் மட்டும் கல்லுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தார். ஒருநாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனால், கல்லையெல்லாம் பிடுங்கிக் கிணற்றடியில் அடுக்கி வைத்துவிட்டு மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

ஐயையோ, போலீஸ் வருமே என்று கஞ்சித் தூக்கை அப்படியே கீழே வைத்தேன். யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். வீடு கட்டும்போது கட்டட்டும், மண் பாவம், சும்மா கிடக்கிறது என்றார். என்மீது அந்தப் பாவம் பார்த்திருந்தால் எனக்கு அந்த வருஷம் ஒரு சின்னாளப்பட்டிச் சேலையாவது கிடைத்திருக்கும்.

நெல் அறுத்தபின் கல்லைத் திரும்ப நட வேண்டும் அல்லவா? அங்கேதான் எங்கள் வீட்டுப் பெருமை உள்ளே வந்தது. இவர்கள் குடும்பத்தில் நெல் விற்கும்போது மரக்காலைத் தலைதட்டி அளந்துவிட்டு, மேலே ஒரு கைப்பிடி போடாமல் விடமாட்டார்கள். மனையையும் அப்படியே அளந்தார். ரோட்டு ஓரத்தில் ஆரம்பித்து, மாட்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு மனைக்கும் மேலே ஒரு சாண் விட்டுக் கல்லை நட்டுக்கொண்டே கிணற்றுப் பக்கம் போனார்.

"கொறஞ்சா சண்டைக்கி வருவாங்கோ. கூட கீதுன்னு எவனாவது வருவானா?" என்று கேட்டார். பத்தாவது பாஸான நான், அதுவும் சரிதானே என்றேன். எங்கள் இருவர் மூளையும் அவ்வளவுதான்.

வருஷா வருஷம் இதே கதை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சாணுக்கு மேலே இன்னொரு சாண். கடைசிக் கல் எங்கே போய் விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் கல் நிற்பது வெயில் காலத்தில். அப்போது நாற்றங்காலும் மற்ற இடம் போலக் காய்ந்து, வரப்பெல்லாம் மாடு மிதித்துக் கரைந்து கிடக்கும். மழை வந்தால் கல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் நாற்று விடுவார். கல்லும் நாற்றும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்ததே இல்லை.

வெயில் காலத்தில் கல்லுக்கு நடுவே கத்திரியும் வெண்டையும் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பூஜையும் ஆராதனையும் முடிந்த கையோடு, மனைக்காரர்கள் பிள்ளை குட்டியோடு டிஃபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தங்கள் சொத்தைப் பார்க்க வருவார்கள். நம்ம பிளாட்டில் காய்த்தது என்று மடி நிறையப் பறிப்பார்கள். தண்ணீர் இறைத்தது யார் என்று ஒரு வாய் கேட்டதில்லை. ஒரு அம்மாள், தன் மனைக் கத்திரிக்காயில் புழு இருக்கிறது, பக்கத்து மனையில் இல்லையே, இடத்தில் ஏதாவது கோளாறா என்று என்னிடம் விசாரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புழுவையே எடுத்து அவள் கையில் கொடுத்திருப்பேன். இவரோ மறுநாளே போய் அந்தச் செடிக்கெல்லாம் சாம்பல் தூவினார்.

கடைசி மனைக்காரர் மட்டும் நல்ல மனுஷன். எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர், திருநெல்வேலிப் பக்கம், ஃபேக்டரியில் உருப்படிகளின் அளவு சரிபார்க்கிற வேலை. கேட்காமல் ஒரு காய் பறிக்கமாட்டார். ஒரு வெயில் காலத்தில் டேப்பும் சம்மட்டியுமாக வந்து, தன் மனைக்கற்கள் நான்கையும் ஒட்டி நான்கு இரும்புக் கம்பிகளைத் தரையோடு தரையாக அடித்து இறக்கினார். கல் அசையும், இது அசையாது என்று சொல்லிச் சிரித்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேறு யார், என் வீட்டுக்காரர்தான்.

நாள் நட்சத்திரம் பார்க்காத சனம்தான் நாங்கள். ஆனாலும் வீடு கட்டுவது என்றால் ஆவணி பிறக்கட்டும் என்போம். கம்பி அடித்த அந்த வருஷமே ஆவணியில் கடைசி மனைக்காரர் தன் மனைவி, மேஸ்திரி, போதகர் எல்லோரோடும் வந்து இறங்கினார். எங்கள் வயல் உழுது சேறடித்து நடவுக்குத் தயாராக இருந்தது. நாற்றங்காலில் நாற்று பச்சைப் பசேல் என்று நின்றது. கற்கள் கிணற்றடியில் கிடந்தன.

கல்லைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, நேராக எங்கள் நாற்றங்காலுக்குள் இறங்கினார். சார், அது இல்லை, இந்தப் பக்கம் என்று இவர் கத்தினார். அவர் காலால் சேற்றைத் துழாவினார். நின்றார்.

"இந்தா இருக்கு பாருங்க அண்ணாச்சி."

ஒவ்வொன்றாக நான்கு கம்பியும் கிடைத்தன. நாற்றங்கால் முழுக்க அந்த நான்குக்கும் உள்ளே இருந்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விட்ட சாண்கள் ஒன்றுசேர்ந்து எங்கள் மூலையை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டன. இவர் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த மனுஷனுக்கு அது புரியவில்லை. தன் மனையில் நாங்கள் நாற்று விட்டுக்கொண்டோம், அதனால் சங்கடப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"அதனால என்ன அண்ணாச்சி. பிடுங்கிக்கிடுங்க, சாயங்காலம் தோண்டிக்கிடலாம்" என்று எங்களைப் பெருந்தன்மையாக மன்னித்தார்.

இவர் பக்கத்தில் போய், அது நம்ம நாற்றங்கால், வாயைத் திறந்து சொல்லுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"இன்னான்னு சொல்றது? கல்ல நட்டவன் நான்தானமே" என்றார்.

சொன்னால் அந்த வரிசை முழுக்க அளக்க வேண்டும். கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி நட்ட கதை ஊருக்குத் தெரியும். கல்லை நகர்த்தினவன், தனக்குக் குறைத்து அடுத்தவனுக்குக் கூட்டி வைத்தான் என்றால் எவன் நம்புவான்? கட்டிக்கொண்ட எனக்கே நம்ப முடியவில்லை.

போதகர் எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். "இந்த நல்ல நிலத்தை இந்தக் குடும்பத்துக்கு இலவசமாய்த் தந்தவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, எல்லோருக்கும் முன்னால் ஆமென் சொன்னவர் அவர்தான். ராசியான கை என்று சொல்லி மண்வெட்டியையும் அவரிடமே கொடுத்தார்கள். முதல் கொத்து அவர் கொத்தினார்.

அவர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்றைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். முடி முடியாகக் கட்டி வரப்பில் அடுக்கினோம். மூலைதானே போயிற்று, மற்ற மனையெல்லாம் சேறடித்துத் தயாராக இருக்கிறதே, நாளைக்கே நட்டுவிடலாம் என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.

"வேணாம்மே. இன்னிக்கி இவரு. நாளிக்கி எவன் எங்க கம்பி அடிச்சி வெச்சிகினு கீறானோ" என்று கிணற்றடிக்குப் போனார். ஒரு கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, உழுத சேற்றில் இறக்கி மிதித்தார். அப்புறம் அடுத்த கல். ஆள் வைத்து நான்கு தடவை சேறடித்த வயல் அது.

அதற்குள் மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வரப்பில் நாற்று முடியில் வாய் வைத்துவிட்டது. நான் கைச் சேற்றைக் கூடக் கழுவாமல், பிடிங்க பிடிங்க என்று கத்தினேன். அவருக்கு அது எட்டுகிற தூரம்தான். தோளில் கல்லோடு நின்று, அது தின்பதைப் பார்த்தார். பயிரில் வாய் வைத்த மாட்டை அவர் விரட்டாமல் விட்டது அன்றைக்குத்தான்.